எதிர்பாராமல் வந்த ஜீவன்கள்



யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தைச் சில வாரங்களாகத் தியானித்து வருகிறோம். இவ்வாரம் அதன் கடைசி அதிகாரத்தைக் குறித்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளையும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு போதகர் இல்லத்தின் கொல்லைப்புறத்தில் நிகழ்ந்த ஒரு காரியம் அந்தக் குறிப்புகளை ஒதுக்கிவைக்கச் செய்தது. அதைக் குறித்தே இன்று எழுதுகிறேன். முடிவில் யோனாவிடமே வந்து சேர்வோம்.

இரவு இரண்டு மணி இருக்கும். விறகு அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகையிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நானும் என் துணைவியாரும் சென்று பார்த்தோம். கிறிஸ்துமஸ் குடிலுக்காக வாங்கி மீந்துபோன வைக்கோலைக் குழியாகப் பறித்து, அதற்குள் எங்கள் வீட்டு நாய் ரோஸி படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு குட்டி, ஈரம் காயாமல் நெளிந்துகொண்டிருந்தது. நாங்கள் திகைத்து நிற்கையிலேயே இரண்டாவது குட்டியும் பிறந்தது. விடிவதற்குள் ஆறு. ஆறாவது குட்டி மூச்சின்றிப் பிறந்தது. என் துணைவியார் அதைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், ரோஸியும் நக்கி நக்கிப் பார்த்தது, பயனில்லை. காலையில் என் இளைய மகளும் நானும் அதை வேப்பமரத்தடியில் புதைத்தோம். "அதுக்குப் பேரே வைக்கலையே அப்பா" என்றாள் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை.

காலையில் விசாரித்த எல்லாரிடமும் நான் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை." அது உண்மைதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மழைக்கு ஒதுங்கி எங்கள் வாசலில் வந்து நின்ற குட்டி ரோஸி. யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நாங்களும் தேடிப் போகவில்லை. அது பருத்து வருவதைக் கண்டபோது, அறுப்பின் பண்டிகை விருந்தில் மிஞ்சிய சோறு சற்று அதிகமாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தோம்.

கால்நடை மருத்துவரிடம் சென்றபோதும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் மரியாதை குன்றாமல், ஆனால் சிரிக்காமல் சொன்னார்: "ஐயா, நாய் சினையாயிருப்பது ஏறக்குறைய 63 நாள். ஒன்பது வாரம் உங்கள் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது." பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும் என்றும், ஒவ்வொரு முறையும் அந்தக் காலம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும் என்றும், அந்நாள்களில் தெருவிலுள்ள ஆண் நாய்கள் வாசலில் வந்து கூடுவதே போதிய அடையாளம் என்றும் விளக்கினார். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் வாசலில் நாய்கள் கூடியது எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அவற்றைக் கல்லெறிந்து விரட்டினேன். கதவைத் தாழிட மறந்தேன். அப்படியானால் அது எதிர்பாராத நிகழ்ச்சி அன்று; கவனியாத நிகழ்ச்சி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நம் வாழ்வின் பல காரியங்களிலும் மறைத்துவிடுகிறோம்.

அன்று முற்பகலுக்குள் செய்தி பரவியது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: "எத்தனை ஆண், எத்தனை பெட்டை?" உயிரோடிருந்த ஐந்தில் இரண்டு ஆண், மூன்று பெட்டை. ஆண் குட்டிகள் இரண்டையும் நண்பகலுக்குள் இருவர் கேட்டு வைத்துவிட்டார்கள். மூன்று பெட்டைகளைக் கேட்பார் இல்லை. மாலையில் வந்த ஒரு பெரியவர், என் மேல் அன்புள்ளவர், ஜெபத்தில் தவறாதவர், குரலைத் தாழ்த்தி யோசனை சொன்னார்: "ஐயா, கண் திறக்கிறதுக்குள்ள பெட்டைகள மட்டும் ஒரு சாக்குல போட்டுக் கண்மாய்க்கரையில விட்டுடச் சொல்லுங்க. வளர்ந்துட்டா மனசு வராது."

அவரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. என்னைக் குறித்தே எழுதுகிறேன். எனக்குப் பத்து வயது இருக்கையில் எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டது. பெட்டைக் குட்டிகள் நான்கைச் சாக்கில் இட்டு, சைக்கிளின் பின்னால் கட்டி, கண்மாயைத் தாண்டி விட்டுவரும்படி என்னை அனுப்பினார்கள். கருவேல மரத்தடியில் சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் மிதித்து வந்தேன். சத்தம் மட்டும் சற்றுத் தூரம் தொடர்ந்தது. தாய் நாய் மூன்று நாள் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் முகர்ந்து தேடியது. விட்டுவந்த அன்றிரவு குடும்ப ஜெபத்தில் சங்கீதம் வாசிக்கும் முறை என்னுடையது. ஒரு சொல்லும் தடுக்காமல் வாசித்தேன். இத்தனை ஆண்டுகளில் இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் சொன்னதில்லை.

அந்தப் பெரியவரின் யோசனை எனக்குப் புதிதன்று. நம் கிராமங்களில் தலைமுறைகளாக நடந்து வருவது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரும் மென்மையானது: "விட்டுவிடுதல்". கொன்றோம் என்று யாரும் சொல்வதில்லை, விட்டுவிட்டோம் என்கிறோம். பிறந்த குட்டியை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிந்தாக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு வலிமையில்லை. தாயின் உடலே அதற்குப் போர்வை. கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். காதும் அதன் பின்பே கேட்கும். தாய் நாவால் வருடிக் கொடுத்தாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் அதனால் இயலாது. முதல் நாளில் சுரக்கும் சீம்பாலே அதற்கு நோயெதிர்ப்பு. இப்படிப்பட்ட உயிரைக் கண்மாய்க்கரையில் வைப்பது, பசிக்கும் குளிருக்கும் எறும்புக்கும் காகத்துக்கும் கையளிப்பதாகும். கொலையை நாம் செய்யவில்லை, காகம் செய்தது. கையைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கேட்ட பிலாத்துவும் தன் கையால் ஆணியடிக்கவில்லை அல்லவா?

சிலர் அவ்வளவு கடினப்படாமல் இரண்டு மாதம் வளர்த்து, சந்தைக்கருகிலோ பேருந்து நிலையத்தருகிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். "யாராவது சோறு போடுவார்கள்" என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி விடப்பட்டவற்றில் பிழைக்கும் பெட்டைதான் அடுத்த ஆண்டு சாக்கடையோரம் குட்டி போடுகிறது. தெருவில் நாய்கள் பெருகிவிட்டன, பிள்ளைகள் பள்ளிக்குப் போக அஞ்சுகிறார்கள் என்று பேரூராட்சியிடம் மனுக் கொடுக்கும் நாமே, அந்தப் பெருக்கத்துக்கு நம் வாசலிலிருந்தும் பங்கு சென்றதை மறந்துவிடுகிறோம். நாய்க்கடியை நான் சிறிதாக எண்ணவில்லை. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை. ஏறக்குறைய எல்லாரும் மரிக்கிறார்கள். உலகில் அந்நோயால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நேர்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. சில நாள்களிலேயே அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டுமே விதிவிலக்கு என்றது. நாடே அதைக் குறித்து விவாதித்தது. நீதிமன்றத்தில் தொடங்க வேண்டிய காரியமா இது? வீட்டு வாசற்கதவில் தொடங்க வேண்டியதன்றோ?

சட்டம் இதைக் குறித்து மௌனமாயில்லை. மதுரையில் 1904-ஆம் ஆண்டு பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, மிருகவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததன்பேரில் அதை அவர் திரும்பப் பெற்றார். அதன் பலனாக வந்ததே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு மிருகத்தைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தவருக்கு அதில் எழுதப்பட்ட அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், கூடினால் 50 ரூபாய். ஒரு தேநீர் விலையில் முடிந்துவிடுகிறது. மனிதர் எழுதிய சட்டம் ஓர் உயிரை இவ்வளவு மலிவாக மதிப்பிடுகிறது என்பதற்காக, படைத்தவரின் புத்தகத்திலும் அதே விலைதான் எழுதப்பட்டிருக்கும் என்று நாம் எண்ணலாமா?

வேதத்தில் நாய்க்கு நற்பெயர் இல்லை என்று சிலர் நினைவூட்டுவார்கள். மெய்தான். சங்கீதக்காரன் தன் சத்துருக்களை நாய்களுக்கு ஒப்பிடுகிறான்; பவுலும் கள்ளப் போதகரை அப்பெயரால் அழைக்கிறார். அக்காலத்து ஊர்ப்புறங்களில் திரிந்த நாய்களைக் கண்டு எழுந்த சொற்கள் அவை. ஆயினும் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவை நினைத்துப் பாருங்கள். இரத்தாம்பரம் உடுத்தியவன் அவனைக் கடந்து போனான். அவனருகில் வந்து புண்களைத் தொட்டவை நாய்கள் மட்டுமே. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அந்தச் சிறு விவரத்தை வீணாகச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நீதிமானின் அடையாளங்களில் ஒன்றாக, அவன் தன் வீட்டு மிருகத்தின் உயிரையும் எண்ணிப் பார்ப்பவன் என்பதை நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரம் வைக்கிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், வழியில் ஒரு குருவிக்கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சுகளையும் ஒருங்கே கவர்ந்துகொள்ளலாகாது என்ற கட்டளை இருக்கிறது. பத்துக் கற்பனைகளில் ஓய்வுநாளைக் குறித்தது, மகனையும் மகளையும் வேலைக்காரரையும் சொல்லும் அதே மூச்சில் மிருகஜீவனையும் சேர்த்துக்கொள்கிறது. ஆதியாகமத்தில் மனிதனுக்கு ஆளுகை கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் தரையின் மிருகங்களும் மனிதனும் படைக்கப்பட்டது ஒரே ஆறாம் நாளில். ஆளுகை பெற்றவன் உரிமையாளன் அல்லன், உக்கிராணக்காரன். அவனிடம் ஒரு நாள் கணக்குக் கேட்கப்படும்.

இந்த ஊரில் வாழும் நமக்கு இதைக் கற்பிக்க ஒரு கிறிஸ்தவர் நம்மிடையே வாழ்ந்துமிருக்கிறார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் பயின்று, காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறைப்பட்டிருந்த காலத்தில் அவர் இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று இயேசுவின் உபதேசத்தையும் வாழ்வையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. அந்த ஆசிரமத்தைக் கடந்து நாம் நாள்தோறும் போகிறோம். அவர் எழுதியதை எத்தனை பேர் அறிவோம்?

அந்த இரண்டாவது புத்தகத்தில் குமரப்பா, இயற்கையில் உயிர்கள் வாழும் வழிகளைப் படிப்படியாக வகைப்படுத்துகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தன்னை வாழ்விக்கும் உயிரையே அழிக்கிறது. தோப்பில் மாங்கனி பறிக்கும் குரங்கு, தான் நடாததை எடுத்துக்கொள்கிறது. கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, தன் இனம் முழுவதற்கும் உழைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைப்பது தாயை. குஞ்சுக்கு இரை தேடித் தன் உயிரையும் பணயம் வைக்கும் தாய்ப்பறவை, அதற்குக் கைம்மாறு எதையும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சேவையையே அவர் பொருளாதாரத்தின் உச்சமென்றார். மனித சமுதாயம் புலியின் படியிலிருந்து தாயின் படிக்கு ஏறவேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இந்த வாரம் முழுவதும் எங்கள் கொட்டகையில் அந்தப் பாடத்தைக் கண்ணால் கண்டேன். முதல் நாள் ரோஸி குட்டிகளை விட்டு எழவே இல்லை. சோற்றுத் தட்டை அதன் முகத்தருகே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. விலா எலும்பு தெரியுமளவுக்கு இளைத்திருக்கிறது. ஆயினும் ஐந்து குட்டிகளையும் வரிசையாக நக்கிச் சுத்தம் செய்து, விலகிப்போன குட்டியை மூக்கால் தள்ளி மடிக்குச் சேர்க்கிறது. ஆண் குட்டிக்கு ஒரு பங்கும் பெட்டைக்கு ஒரு பங்கும் என்று அதற்குக் கணக்கில்லை. அந்தக் கணக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது.

அந்தக் கணக்கைக் குறித்து நம் மாவட்டத்தார் சற்று நின்று யோசிக்க வேண்டும். நாய்க்குட்டியையும் பெண் குழந்தையையும் ஒரு தராசில் வைப்பது என் எண்ணமன்று; தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதருக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெயர் பெண் சிசுக்கொலையின் காரணமாக நாடெங்கும் பேசப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பின்னர் நம் மதுரை மாவட்டத்துக்கும் அது வந்தது. அந்தத் துயரத்துக்கு வறுமையும் வரதட்சணையும் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது ஒரு கேள்வி: "ஆணா, பெண்ணா?" பிறந்த உயிரை வரவேற்குமுன் அதன் பயனை விசாரிக்கும் மனம் அது. எங்கள் கொட்டகை வாசலில் என் பிள்ளைகளின் காதுகேட்க அதே கேள்வி எழுந்தபோது எனக்குச் சுருக்கென்றது. சிறு உயிர்களிடத்தில் பழகும் மனம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிறுவனாக நான் சாக்கைச் சுமந்தபோது என் கைக்கு மட்டுமன்று, என் மனத்துக்கும் பழக்கம் கற்பிக்கப்பட்டது.

நம் ஆண்டவர் அடைக்கலான் குருவிகளைக் குறித்துப் பேசியது இரண்டு சுவிசேஷங்களில் வருகிறது. மத்தேயு 10-ஆம் அதிகாரத்தின்படி ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தின்படி இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காசுக்கு நான்குதான் கிடைக்க வேண்டும். ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்த விலையில்லாத குருவியையும் சேர்த்தே, அவற்றில் ஒன்றும் தேவனுக்கு முன்பாக மறக்கப்படுவதில்லை என்று ஆண்டவர் போதித்தார். நம் ஊரில் விலைபோகாத மூன்று பெட்டைக் குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்தாவது குருவி எனக்கு நினைவுக்கு வருகிறது. பெயர் வைக்கப்படாமல் வேப்பமரத்தடியில் கிடக்கும் ஆறாவது குட்டியும்.

"மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாயைக் குறித்து ஒரு தியானமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இது: 1824-ஆம் ஆண்டு இலண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் போதகர். சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் சென்றவர். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கத் தம் ஆயுளைக் கொடுத்தவர். மனிதரின் விலங்கை உடைக்கப் பாடுபட்டவருக்கு மிருகத்தின் வேதனையும் கேட்டது. இரக்கம் என்பது ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துபோகும் பண்டம் அன்று. நாயை எட்டி உதைப்பதனால் எந்த ஏழையின் கலயமும் நிரம்பியதில்லை.

அதே வேளையில், ஏழைக் குடும்பத்தின் மேல் சுமக்கவொண்ணாத பாரத்தை வைக்க நான் விரும்பவில்லை. பிறக்கும் குட்டிகள் அனைத்தையும் எல்லாரும் வளர்த்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. வளர்க்க இயலாதவற்றைப் பிறக்கவிடாதிருப்பதே முதல் இரக்கம். பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வது தேவனுடைய சிருஷ்டிப்புக்கு எதிரானது என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். பிறந்ததைச் சாக்கில் கட்டுவதற்குத் தயங்காத நாம் இதற்குத் தயங்குவது பொருந்துமா? உக்கிராணக்காரனுக்குப் பெருக்கத்தைக் காப்பது மட்டுமன்று, அளவைக் காப்பதும் கடமை.

எங்கள் வீட்டில் நாங்கள் தீர்மானித்ததைச் சொல்கிறேன். ஐந்து குட்டிகளும் எட்டு வாரம் தாயோடிருக்கும். அதற்கு முன் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. 2017-இல் மத்திய அரசு வகுத்த விதிகளும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. மூன்று நான்கு வாரத்தில் கஞ்சியும் குழைந்த சோறும் பழக்குவோம். மருத்துவர் சொல்லும் காலத்தில் குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும் கொடுப்போம். பால் மறந்தபின் ரோஸிக்குக் கருத்தடை செய்வோம். ஆண் குட்டிகளைக் கேட்டிருக்கும் இருவரிடமும், ஆளுக்கொரு பெட்டையையும் சேர்த்து வளர்க்க மனதுண்டா என்று கேட்டிருக்கிறேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், மற்றவர் சிரித்தார். பெட்டைகளுக்கு நல்ல வீடு கிடைத்தால் கொடுப்போம், பருவம் வந்ததும் கருத்தடை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. கிடைக்காவிட்டால் அவை இங்கேயே வளரும். போதகர் மாற்றலாகும்போது நாய்களையும் கூட்டிக்கொண்டு போனார் என்று பேசட்டும்.

நாய் வளர்க்கும் குடும்பத்தாரிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். இரண்டாவது, கருத்தடைக்கு நாயைக் கொண்டுசெல்ல ஆளில்லை, வண்டியில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். நானே உடன் வருகிறேன். மூன்றாவது, குட்டி ஈன்ற நாயருகே சிறுபிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் அந்நாள்களில் கடிக்கக்கூடும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள் தடவிவிட்டு ஜெபித்துக் காத்திருப்பது விசுவாசம் அன்று.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆதாமுக்கு முன்பாக மிருகங்கள் கொண்டுவரப்பட்டபோது அவன் பெயரிட்டான் என்று ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். மூன்று பெட்டைகளுக்கும் பெயர் வைக்கும் பொறுப்பு உங்களுடையது. பெயர் வைத்த உயிரைச் சாக்கில் கட்ட யாருக்கும் கை வராது.

இப்போது யோனாவிடம் வருவோம். நினிவே தப்பியது அவனுக்குப் பிடிக்கவில்லை. தன் தலைக்கு நிழல் தந்த ஆமணக்கு வாடியதற்கு மனம் வெந்தான். அவன் நட்டதுமில்லை, வளர்த்ததுமில்லை. அந்தச் செடிக்காகப் பரிதபிக்கும் உனக்கு, இவ்வளவு பெரிய நகரத்துக்காக நான் பரிதபிப்பது ஏன் புரியவில்லை என்று கர்த்தர் அவனிடம் கேட்கிறார். இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரை எண்ணிச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. அந்த நகரத்து மிருகஜீவன்களையும் சேர்த்துக்கொள்கிறார். அத்தோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்பது எழுதப்படவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கடைசிச் சொல்லை வேகமாக வாசித்துக் கடந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை இரவுக்குப் பின் அப்படிக் கடக்க முடியவில்லை.

நாம் கேளாமலே நம் வாசலுக்கு வருபவை உண்டு. நோயுற்ற உறவினர், பெற்றோரை இழந்த பிள்ளை, முதிர்ந்த அயலார், சில வேளைகளில் ஐந்து நாய்க்குட்டிகள். "நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்பது அவற்றைக் கைவிடுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. நாம் எதிர்பாராததால் மட்டும் அது நமக்கு ஒப்புவிக்கப்படாததாகிவிடாது. இந்த வாரம் நான் கற்றுக்கொண்டது இவ்வளவே.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, சிறு உயிரையும் மறவாத உம்முடைய இருதயத்தை எங்களுக்குத் தாரும். சிறுவயதில் நாங்கள் அறியாமலும், வளர்ந்தபின் அறிந்தும் கைவிட்டவற்றுக்காக எங்களை மன்னியும். பயன் பாராமல் பேணும் தாயின் உள்ளத்தை எங்கள் வீடுகளில் வளர்த்தருளும். எங்கள் வாசலில் வந்து நிற்பவற்றுக்கு முகத்தைத் திருப்பாதிருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும், உங்கள் வீட்டு உயிர்களோடும் இருப்பதாக.